பொத்தானை விட்டால்தான் பதில்

“ஏங்க... பெலிக்கன்! உங்க நங்கூரத்தை என் சங்கிலி மேல போட்டிருக்கீங்க!”

‘ஜூனிபர்’ என்ற தன் பாய்மரப் படகின் முனையில் நின்று, இடுப்பில் கை வைத்துக் கத்தினாள் ஓடெட். வடக்கே கருமேகம் திரண்டு நின்றது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வாடைக்காற்று வந்து ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை ஒரு கலக்கு கலக்கப்போகிறது. குளிர்காலத்தைத் தீவுகளில் கழிக்க வந்த இருநூறு படகுகளும் இருந்த இடத்தில் ஒடுங்கிக் கிடக்க, இவன் மட்டும் எங்கிருந்தோ வந்து அவள் மூக்குக்கு முன்னால் நங்கூரம் போடுகிறானே!

‘பெலிக்கன்’ என்று எழுதியிருந்த படகிலிருந்து ஒருவன் நிதானமாக எட்டிப் பார்த்தான். நரை ஓடிய தாடி. சிரித்தால் கண்ணோரத்தில் மூன்று கோடுகள் விழுந்தன.

“இல்லீங்க... இருபதடி தள்ளித்தான் போட்டிருக்கேன்.”

“எனக்குக் கண்ணு இருக்குங்க!”

“தெரியுதுங்க... இங்கேருந்தே நல்லாத் தெரியுது.”

என்ன திமிர்! பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் மழை சடசடவென்று இறங்கிவிட்டது. அவன் நனைந்துகொண்டே நின்றான். அவளும் உள்ளே போகவில்லை. யார் முதலில் போவது என்று ஒரு வீம்பு... நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சங்கிலி மேல் நங்கூரம் விழுந்திருந்தால், பிந்தி வந்தவர்தான் அதை எடுத்துக்கொண்டு விலகவேண்டும். துறைமுகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த முறை. காது வலியால் ஓடெட்டால் முங்கிப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை காற்று தணிந்ததும் அவனே முங்கினான். தலையில் நீர் சொட்டச் சொட்ட அவள் படகோரம் வந்து நின்றான்.

“கவலைப்படாதீங்க ஜூனிபர். எல்லாம் பத்திரமா இருக்கு.”

அப்படியானால் தான்தான் தப்பு... வெட்கத்தோடு அவனுக்கு ஒரு காப்பி கொடுத்தாள். அலமாரியில் எப்போதும் இரண்டு கோப்பைகள் இருந்தன. இரண்டாவதை அவள் எடுத்து எவ்வளவு நாளாயிற்று!

இந்தப் படகை அவளும் கணவன் ரெமியும் சேர்ந்துதான் வாங்கினார்கள். நோவா ஸ்கோஷியாவின் பனியிலிருந்து தப்பி, ஒவ்வொரு குளிர்காலமும் தீவு தீவாகப் போகலாம் என்று வரைபடத்தில் பென்சில் கோடு போட்டவனே அவன்தான். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது வேறொருத்தியோடு கரையிலேயே நின்றுவிட்டான். ஓடெட் நிற்கவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் கோடு ஜார்ஜ் டவுனோடு முடியவில்லை. தெற்கே, நீலத்துக்குள் இன்னும் நீண்டுகொண்டே போனது. அங்கே போகத்தான் நெஞ்சில் துணிவில்லை.

“இந்த ஊருக்குக் கோழித் துறைமுகம்னு ஏன் பேரு தெரியுமா?” என்றான் ஹாலிஸ். அதுதான் அவன் பெயர். வடக்கே மெய்ன் கடற்கரையில் தச்சன். “தெற்கே போறேன்னு வீராப்பா வந்தவங்க எல்லாம் இங்கே கோழி மாதிரி பயந்து திரும்பிடுவாங்களாம்.”

“நான் பயந்து திரும்பலை. யோசிச்சுத் திரும்பறேன்.”

“கொக்கரக்கோ...” என்றான் அவன், மிக மரியாதையாக.

அவள் ரொட்டித் துண்டை அவன் மேல் எறிந்தாள்.

அப்படியே நாட்கள் ஓடின. அவன் ரொட்டி வாங்கி வருவான். அவள் அவன் கிழிந்த பாயைத் தைத்துக் கொடுப்பாள். அந்தி சாயும்போது படகுக்குப் படகு சங்கு ஊதுவார்கள். ஹாலிஸின் சங்கு மட்டும் நோய்க் கன்றுக்குட்டி போலக் கத்தும். அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே ஓடெட் மேல்தட்டில் காத்திருக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்து உள்ளே போனால் படகு அவ்வளவு பெரிதாகத் தெரியும்... ஒருத்திக்கு இவ்வளவு இடம் எதற்கு?

பன்னிரண்டாம் நாள் அவன் கேட்டுவிட்டான்.

“காத்து சாதகமாத் திரும்பினா நான் தெற்கே கிளம்பறேன்... நீங்களும் வர்றீங்களா? ரெண்டு படகுமாச் சேர்ந்து போகலாம்.”

வர்றேன்... வர்றேன்... என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் மட்டும் வேறு சொன்னது.

“நான் எந்த ஆம்பளை போன தடத்துலயும் இனிமே போறதில்லைங்க.”

கண்ணோரத்து மூன்று கோடுகளும் மறைந்தன. “சரிங்க” என்று எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பக்கத்துப் படகுத் தோழி பெர்னிஸ் வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. ரேடியோவுக்குக் கீழே இருந்த மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஏண்டி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

“நான் ஒரு மடச்சி பெர்னிஸ்! வான்னு கூப்பிட்டதும் வர்றேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முழுங்கிட்டேன். அந்தாளு சிரிச்சா கண்ணோரத்துல மூணு கோடு விழுது பாரு... அதைப் பார்க்கலேன்னா எனக்குப் பொழுதே போகலை. அந்தச் சங்குச் சத்தம் இருக்கே... சகிக்கலை. அது இல்லாம எப்படி இருப்பேன்?”

பத்து நிமிடம் கொட்டித் தீர்த்திருப்பாள். படகின் பக்கவாட்டில் டமடமவென்று யாரோ தட்டினார்கள். பெர்னிஸின் கணவன் வால்ட், மூச்சிரைக்க நின்றான்.

“பெர்னிஸ்! எழுந்திரிடி! ரேடியோ மைக் மேல உட்கார்ந்திருக்கே! துறைமுகம் பூராக் கேட்டுட்டு இருக்கு!”

பெர்னிஸ் அலறிக்கொண்டு எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மைக், பொத்தான் அமுங்கியபடி...

‘என் மானத்துக்குச் சங்கு ஊதியாச்சு’ என்று ஓடெட் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் வெளியே தலைகாட்டவில்லை. அவன் வருவான் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கேட்டிருப்பானே... கேட்டும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்தி நேரத்தில் எல்லாச் சங்குகளும் ஊதின. அந்தக் கன்றுக்குட்டி மட்டும் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. வழக்கம்போல வால்ட் ரேடியோவில் துறைமுகச் சேதிகளை வாசித்தான். காற்று தென்கிழக்கிலிருந்து வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. “இன்னைக்குக் கிளம்பறவங்க யாராவது இருக்கீங்களா?”

ஒரு இரைச்சல். பிறகு அந்தக் குரல்.

“பெலிக்கன்... மத்தியானம் தெற்கே கிளம்புது. எல்லாருக்கும் நன்றி.”

அவ்வளவுதான். போகிறான். பென்சில் கோட்டின் மேலேயே போகிறான். நாளைக் காலை அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

கை தானாக மைக்கை எடுத்தது. பொத்தானை அழுத்தினாள்.

“ஹாலிஸ்...”

ரேடியோவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, படகின் பெயர்தான். துறைமுகமே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். இருக்கட்டும்.

“ஹாலிஸ், இந்தத் தடவை யாரும் மைக் மேல உட்காரலை. நானேதான் அழுத்திப் பிடிச்சிருக்கேன். அன்னைக்கு ரேடியோவில நீ கேட்டது எல்லாம் நிஜம். எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு தடவை ஒருத்தனை நம்பி நடுவழியில நின்னேன்... அந்தப் பயத்துல உன்கிட்ட வீராப்பு பேசிட்டேன். நீ போயிடாதே... போறதா இருந்தா...”

பாதியில் நிறுத்தினாள். ஆனால் பொத்தானை விடவில்லை. விட்டால்தான் அவனால் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலுக்குத்தான் பயம். கடவுளே... என்று கண்ணை மூடிக்கொண்டு விரலை எடுத்தாள்.

மனதுக்குள் எண்ணினாள். ஒன்று... இரண்டு... மூன்று...

“ஓடெட்... நீ சொன்னதுதான் சரி.”

“எ... எது?”

“என் நங்கூரம் உன் சங்கிலி மேலதான் கிடக்கு. அன்னைக்கு முங்கினப்பவே பார்த்துட்டேன். சொன்னா நான் விலகிப் போகணுமே... மனசு வரலை. அதான் பத்திரமா இருக்குன்னு மட்டும் சொன்னேன்.”

“அடப்பாவி!”

“இந்த நாலஞ்சு நாளா காத்து மாறி மாறிச் சுத்தினதுல ரெண்டு சங்கிலியும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கு. நான் தனியா எடுக்கவே முடியாது. அதைச் சொல்ல ரெண்டு நாளா உன் படகு வரைக்கும் வந்து வந்து திரும்பறேன். நீ வெளியிலேயே வரலை... கிளம்பறேன்னு சொன்னாலாவது வருவியான்னுதான் இன்னைக்கு அறிவிச்சேன். நான்தான் கோழி, ஓடெட்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்தாத்தான் வரும்” என்றான் அவன். “எடுத்ததும் நீ முன்னால போ. நான் உன் தடத்துல வர்றேன். எத்தனை தீவானாலும்.”

“ஏம்ப்பா, இன்னும் ரெண்டு அறிவிப்பு பாக்கி இருக்குப்பா!” என்று வால்ட் கெஞ்சினான். யார் கேட்டார்கள்? எங்கோ ஒரு படகில் சங்கு ஊதியது. பின்னாலேயே இன்னொன்று... காலை எட்டு மணிக்குத் துறைமுகம் முழுக்கச் சங்கு!

ஓடெட் மைக்கைப் போட்டுவிட்டு முனைக்கு ஓடினாள். எதிரே அவனும் தன் படகின் முனையில் நின்றான், முதல் நாள் நின்ற அதே இடத்தில். கண்ணோரத்தில் மூன்று கோடுகள்.

“என் தடத்துல எல்லாம் வரவேண்டாம்!” என்று கத்தினாள்.

அவன் முகம் வாடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“பக்கத்துல வா.”