மூச்சு விடாத பியானோ

"நீங்க கவலையே படாதீங்க டீச்சர், எல்லாத்தையும் புரோகிராம் பார்த்துக்கும்" என்று தும்பி சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிவிட்டாள்.

இன்று சாயங்காலம் பள்ளி விழாவில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பாட வேண்டும். ஆனால் பியானோ வாசிக்கும் பாட்டு டீச்சரின் கையில் மாவுக்கட்டு. நல்லவேளை, பள்ளியில் இருந்தது தானாக வாசிக்கும் பழைய பியானோ. ஓட்டை போட்ட காகிதச் சுருளை மாட்டி மோட்டாரை ஓடவிட்டால், ஓட்டை வரும் இடத்தில் அதற்குரிய கட்டை தானாக அமுங்கும்.

சுருளுக்கு எங்கே போவது? தும்பியின் அக்கா தையல் மெஷின் மெக்கானிக். ஒரு பழைய தையல் மெஷினில் ஊசிக்குப் பதிலாகக் கூரான குட்டிக் குழாயை மாட்டி, காகிதத்தில் ஓட்டை போட வைத்தாள். எங்கே குத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லும் புரோகிராமை எழுதியது தும்பி. வயது பதினொன்று, வாய்க்கு மட்டும் இருபத்தைந்து.

காலையில் ஒத்திகை. முதல் அடி அழகாக வந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் பியானோ நடையை எட்டிப் போட்டது. அப்புறம் ஓடவே ஆரம்பித்துவிட்டது. குழந்தைகள் மூச்சிரைக்க அதைத் துரத்தினார்கள். கடைசி அடியைத் தனியாகப் பாட வேண்டிய பட்டாணி வாயைத் திறப்பதற்குள் பாட்டே முடிந்துபோனது.

வகுப்பிலேயே குட்டிப் பெண் அவள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தும்பியக்கா, பியானோவுக்கு மூச்சே வாங்காதா?"

டீச்சர் திட்டவில்லை. "பரவாயில்லம்மா. மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா இந்தப் பாட்டை விட்டுடலாம்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தும்பி கணினியைத் திறந்து பார்த்தாள். புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை.

"உன் மெஷின்தான் கோணல்மாணலா குத்தியிருக்கும்" என்றாள், மெஷினோடு பள்ளிக்கு வந்திருந்த அக்காவிடம்.

அக்கா ஸ்கேலை நீட்டினாள். "நீயே அளந்து பாரு."

அளந்தாள். எல்லா இடைவெளியும் சமம். தும்பிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மோட்டாரை மெதுவா விட்டா என்ன?"

"அதுக்கு ஒரே வேகம்தான். இன்னொண்ணு, நல்ல காகிதம் இன்னும் ஒரு சுருள்தான் இருக்கு. பார்த்துக்கோ."

பியானோவுக்கு அடியில் பட்டாணி இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தும்பிக்கு நேரமே இல்லை. ஆனாலும் அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பட்டாணி, இந்த வீணாப்போன காகிதத்தைச் சுத்தித் தர்றியா?"

கைப்பிடி வைத்த ஓர் உருளையைக் கொடுத்தாள். பட்டாணி அழுகையை மறந்துவிட்டாள். பாட்டை முணுமுணுத்தபடி, ஒரு சொல்லுக்கு ஒரு சுற்று என்று சுற்றினாள். முதலில் தரையில் கிடந்த காகிதம் மெல்ல மெல்ல நகர்ந்தது. போகப்போக சரசரவென்று வந்தது.

"தும்பியக்கா, நான் மெதுவாத்தான் சுத்தறேன். இதுதான் ஓடி வருது."

தும்பி பார்த்தாள். பட்டாணியின் கை அதே வேகத்தில்தான் சுற்றியது. ஆனால் விரல் பருமனாக இருந்த உருளை, காகிதம் சேரச்சேர குண்டாகியிருந்தது. குண்டான உருளை ஒரு சுற்றுக்கு அதிகக் காகிதத்தை இழுக்கிறது. பியானோவுக்குள் காகிதத்தைச் சுற்றும் உருளையிலும் இதேதான் நடக்கிறது.

"அக்கா! இடைவெளி சமமா இருக்கிறதுதான் தப்பு. போகப்போகத் தள்ளித் தள்ளிக் குத்தணும்."

புரோகிராமை மாற்றினாள். அடிக்கு அடி குழந்தைகள் மூச்சு விடவும் இடம் விட்டாள். பிறகு, எவ்வளவு காகிதம் தேவைப்படும் என்று கணக்குப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி அடிக்குக் காகிதம் இல்லை.

"வேற காகிதம் ஒட்டினா?"

"ஒட்டின இடம் பியானோவுல சிக்கிக்கும்" என்றாள் அக்கா. "மூச்சு விடற இடத்தையெல்லாம் எடுத்துடு. சரியா வந்துடும்."

எடுத்தால் வந்துவிடும்தான். ஆனால் காலையில் குழந்தைகள் இரைத்த இரைப்பு தும்பிக்கு நினைவு வந்தது. அவள் பட்டாணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கடைசி அடியை பியானோ இல்லாம பாடுவியா?"

"அப்போ பியானோ என்ன பண்ணும்?"

"அதுக்கு மூச்சு வாங்கும்."

பட்டாணி யோசித்தாள். "பாவம். சரி."

டீச்சர் அரை மனதோடு தலையாட்டினார். அக்காவின் மெஷின் டக்டக்கென்று குத்தத் தொடங்கியது.

சாயங்காலம் அரங்கு நிறைந்திருந்தது. தும்பி பியானோ அருகே நின்று மோட்டாரை ஓடவிட்டாள். முதல் அடி, இரண்டாவது, மூன்றாவது. பியானோ ஓடவில்லை. ஒவ்வொரு அடி முடிவிலும் குழந்தைகள் நிம்மதியாக மூச்சு வாங்கிக்கொண்டு பாடினார்கள்.

காகிதம் முடிந்தது. பியானோ நின்றது.

பட்டாணி பாடவில்லை. பியானோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரங்கில் யாரோ இருமினார்கள். போச்சு, பயந்துவிட்டாள், எல்லாம் என்னால்தான் என்று தும்பிக்கு அழுகை வந்தது.

பட்டாணி மெல்ல நடந்து வந்து பியானோவைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ ரெஸ்ட் எடு. நான் பாடறேன்."

திரும்பி நின்று, கணீரென்று பாடினாள். அரங்கே கைதட்டியது.

அப்போதுதான் தும்பியும் மூச்சு விட்டாள்.