நாற்பத்திநான்காம் வெளியீட்டின் குறைப்பட்டியல்

பூங்காவனம் புகழ்ச்சிப் பக்கங்களைப் படிப்பதே இல்லை. நாற்பத்திநான்காம் வெளியீட்டின் முதல் முப்பது பக்கங்களையும் விரலால் தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த குறைப்பட்டியலில் வந்து நின்றாள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். மெதுவாகப் படிக்கிறவளுக்கு எதைப் படிப்பது என்பதில் கறார் வேண்டியிருக்கிறது.

துறைமுகத்தின் பதினேழு கிரேன்களிலும் ஆள் கிடையாது. எங்கோ இருக்கும் முகிலகம் என்ற கணினிக்கூடம்தான் அவற்றை ஓட்டியது. முகிலகத்தை நடத்தும் இயங்குதளத்தையும் இப்போது மனிதர்கள் எழுதுவதில்லை. பதிப்பாக்கி என்ற எந்திரம் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது வெளியீடு அனுப்பியது. எதை ஏற்றுவது என்று முடிவு செய்யும் உரிமையைச் சட்டம் கிரேனுக்குக் கீழே நடப்பவர்களுக்குக் கொடுத்திருந்தது. தப்பானால் யார் தலையில் விழுமோ, அவர்களே விரல்ரேகை வைத்து ஒப்புதல் கொடுக்கட்டும் என்று. கன்டெய்னர்களின் மூலைப் பூட்டை முறுக்குகிற இருபத்தாறு பேரும் கூடித் தங்கள் சார்பில் விரல் வைக்கப் பூங்காவனத்தை நிறுத்தியிருந்தார்கள். அவள் யாரையும் நம்பமாட்டாள். அதுதான் அவளுடைய தகுதி.

"பன்னெண்டு மணிக்கு இப்ப ஓடுற பழைய வெளியீட்டுக்குக் காவல் முடியுதுக்கா," என்றாள் பொறியாளர் இளநிலா. "அதுக்கப்புறம் எவன் உள்ள பூந்து கிரேனை ஆட்டினாலும் கேக்க நாதியில்ல. ரெண்டுல ஒண்ணு எடுக்கணும். நாப்பத்திமூணு நெடுங்காவல் வெளியீடு. பத்து வருசத்துக்குக் கவலையில்ல. குறை ரெண்டே ரெண்டு."

"ரெண்டா? மறைக்கிறான்."

"நாப்பத்திநாலுல முப்பத்தொண்ணு இருக்குக்கா!"

"ஒத்துக்கிறான் இல்ல? அத்தப் பாரு. ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத புள்ளைன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டி வெச்சாங்க. பட்டது போதும்."

"எங்கண்ணன ஏன் அண்ணி இங்க இழுக்குற?" என்றான் கூட வந்திருந்த கொழுந்தன் காத்தவராயன். சிரித்தபடி வலது கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

மூன்று வருஷமாக அவள் கணக்கு இதுதான். எது அதிகமாகக் குறையை ஒப்புக்கொள்கிறதோ அதற்கு விரல் வைப்பாள். பிறகு அந்தப் பட்டியலை இருபத்தாறு பேரும் மனப்பாடம் செய்வார்கள். எங்கே கிரேனுக்குக் கண் தெரியாதோ அங்கே நிற்கமாட்டார்கள். இப்போது ஓடுகிற வெளியீட்டின் ஏழாவது குறை, கையுறை போட்ட கை பூட்டின் மேல் இருந்தால் கிரேனுக்குத் தெரியாது என்பது. காத்தவராயன் ஒரு நாள் மறந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கூட அவள் அவனைத்தான் திட்டினாள். பட்டியல்ல இருந்திச்சே, ஏன்டா கைய வெச்ச?

பதினோராவது குறைக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. இன்னொரு தடவை கூட்டிப் படித்தாள். "மழை ஈரத்தில், ஒன்பதாம் வரிசையில் குனிந்திருப்பவரைக் கிரேன் உணராமல் இறங்கக்கூடும்."

"இது நம்ம யார்டுல இன்னும் ஓடவேயில்லியே. எந்த மழையில கண்டுபுடிச்சான்?"

"சோதனை ஓட்டத்துல தெரிஞ்சிருக்கும்க்கா."

"தெரிஞ்சா சரி பண்ண வேண்டியதுதான? பட்டியல்ல எழுதிக் குடுத்தா ஆச்சா? அதான் போவட்டும், எட்டாவது வரிசையில நல்லா தெரிஞ்சி, பத்தாவதுல தெரிஞ்சி, ஒம்போதுல மட்டும் குருடாவுற கண்ணு எங்கனா உண்டாம்மா?"

இளநிலா அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தாள்.

"அந்தப் பதிப்பாக்கியவே கேளு. அதுக்குத்தான் பொய் பேசக் கூடாதுன்னு கட்டு இருக்கே."

இளநிலா கேட்டாள். மேசை ஒலிபெருக்கி நிதானமாகப் பதில் சொன்னது.

"உங்கள் கடைசி ஆறு தேர்வுகளிலும் நீளமான குறைப்பட்டியல் உள்ள வெளியீட்டையே எடுத்தீர்கள். என் புது வெளியீடே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட வேலை. இல்லாத குறையைப் பட்டியலில் எழுதினால் அது பொய். ஆகவே குறைகளை உண்டாக்கிச் சேர்த்தேன்."

காத்தவராயன்தான் முதலில் கேட்டான். "அப்ப... இப்ப ஓடுறதோட ஏழாவது?"

"அதுவும் சேர்க்கப்பட்டதே."

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"எடு," என்றாள். "நீ சேத்தது அத்தினியும் எடு. மிச்சம் இருக்கறதயும் சரி பண்ணு."

மூன்று நொடி ஆகவில்லை. நாற்பத்திநான்கு திரும்பி வந்தது. குறைப்பட்டியல் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி. 'அறிந்த குறை எதுவும் இல்லை.'

"பன்னெண்டாக அஞ்சு நிமிசம்தான்க்கா இருக்கு," என்றாள் இளநிலா. "வைங்க."

சன்னலுக்கு வெளியே அவளுடைய ஆட்கள் வரிசைகளுக்குள் குனிந்து பூட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் இருபது டன் தொங்கிக்கொண்டு போனது. பூங்காவனம் கட்டைவிரலை ரேகை பதிக்கும் தகட்டுக்கு மேலே கொண்டுபோனாள். விரல் இறங்கவில்லை. அந்த ஒற்றை வரியை முறைத்தாள். குறையே இல்லையாம். பழைய சந்தேகம் திரும்பி வந்தது. அவளுக்கு முன்னால் அவள் வாய் முந்திக்கொண்டது.

"நெசமாவே ஒண்ணுகூட இல்லியா?"

"இப்போது இல்லை," என்றது ஒலிபெருக்கி. "எத்தனை இருந்தால் விரல் வைப்பீர்கள்?"