பெருக்கிப் பாருங்க, சார்!

மழை... ஆண்டர்சன்பேட்டையையே கரைத்து மாரிகுப்பம் வரை ஓட்டிவிடும்போலக் கொட்டிக்கொண்டிருந்தது! பள்ளிக்கூடத்துக்குள் புகுந்த தண்ணீரை ஐடா டீச்சர் துடைப்பத்தால் வெளியே தள்ள, அந்த நேரம் பார்த்து வாசலில் ஓடிவந்து ஒதுங்கியவனின் கால்சட்டையில் மொத்தச் சேறும் போய் விழுந்தது.

"ஐயோ! பாக்கலைங்க சார்..."

"பரவால்லீங்க. இன்னிக்குத்தான் சலவையிலேருந்து வந்துச்சு!"

அவன் கொர்னேலியஸ். தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீசுக்குப் புதிதாக வந்தவன். தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, கண்கள் மட்டும் சிரித்தன. ஐடா சட்டென்று குனிந்துகொண்டாள். அடப்பாவி, இப்படியா ஒருத்தன் சிரிப்பான்!

சிரித்தவன் சும்மா நின்றிருக்கலாம்... கரும்பலகையைப் பார்த்துவிட்டான். 'ஆறை சைபரால் வகு' என்றொரு கணக்கு. கீழே ஒரு மாணவி எழுதியிருந்த சைபரை ஐடா அடித்திருந்தாள்.

"பாவம், பொண்ணு சரியாத்தானே எழுதியிருக்குது? சைபர்தான் விடை."

"இல்லீங்க. இதுக்கு விடையே கிடையாது."

"விடை இல்லாத கணக்கா? இன்னாங்க டீச்சர் இது!"

ஐடாவுக்குச் சுருக்கென்றது. "பெருக்கிப் பாருங்க சார், தெரியும்."

கொர்னேலியஸ் அவள் கையைப் பார்த்தான். கையில் துடைப்பம்!

"நான்... பெருக்கணுமா?"

முகம் சிவக்க, கொட்டும் மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். 'ஐயையோ, நான் கணக்கையல்லவா சொன்னேன்' என்று அவள் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் ஆளைக் காணோம்.

ரோஷம் சும்மா விடுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பாதிரியாரிடம், டீச்சர் தப்புக் கணக்கு சொல்லித்தருவதாகப் போட்டுக்கொடுத்துவிட்டான். பள்ளிக்கூடத்தை நடத்துகிறவரே அவர்தான். மறுநாள் காலையில் வந்து நின்றார்.

"ஐடா, சர்வே ஆபீஸ் தம்பி வெள்ளிக்கிழமை வருவாரு. அவரு சைபர்னு சொன்னா, நீ புள்ளைங்க முன்னாடி சைபர்னு எழுதணும். இல்லேன்னா வேற டீச்சரைப் பாத்துக்குறேன்."

"வேலையே போனாலும் தப்பை எழுத மாட்டேங்க, ஐயா."

அவள் அழவில்லை. அப்பாவிடம் சண்டை போட்டு, பட்டினி கிடந்து வாங்கிய வேலை இது. அதற்காகப் பொய் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியாது. முடியவே முடியாது!

அங்கே கொர்னேலியஸுக்கு வேலை ஓடவில்லை. ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் போகும் குழி, இறங்கும் ஆழத்தை, அது பக்கவாட்டில் நகரும் தூரத்தால் வகுத்தால் சரிவு கிடைக்கும். அன்று கைக்கு வந்ததோ செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட். பக்கவாட்டில் நகர்வே இல்லை... சைபர்! விடையும் சைபர் என்றால் சரிவே இல்லாத சமதரை என்றாகிவிடும். இரும்புக் கூண்டில் ஆட்கள் தலைசுற்ற இறங்குகிற குழி சமதரையா?

பேனா நின்றது. பெருக்கிப் பாருங்க சார்... தரையை அல்ல, கணக்கை! 'அட மடையா' என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை. பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பாதிரியார் நாற்காலியில் இருந்தார். ஐடா நிமிர்ந்து நின்றாள். உள்ளே வந்த கொர்னேலியஸ் நேராகப் போய் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்க ஆரம்பித்தான்.

"இன்னா தம்பி இது?"

"டீச்சர் அன்னிக்கே பெருக்கிப் பாக்கச் சொன்னாங்க, ஐயா. நான்தான் கேக்கலை." சாக்பீஸை எடுத்தான். "ஆறை மூணால வகுத்தா ரெண்டு. ரெண்டை மூணால பெருக்கினா திரும்ப ஆறு வருது. சைபரால வகுத்தா? எந்த எண்ணை விடைன்னு வச்சாலும், சைபரால பெருக்கினா சைபர்தான் வரும். ஆறு வராது. அதனால விடை இல்லை. தப்பு என்னுதுதான். டீச்சரை அனுப்பாதீங்க."

பாதிரியார் பலகையை முறைத்தார், தாடியைத் தடவினார். "அப்ப... ஐடாவே டீச்சரா இருக்கட்டும்" என்று எழுந்து போனார்.

பிள்ளைகளும் போனார்கள். வெளியே மறுபடி மழை...

"சைபரை சைபரால வகுத்தா, டீச்சர்?"

"அதுக்கும் விடை கிடையாது. எதைப் போட்டுப் பெருக்கினாலும் பொருந்தும்... எல்லாமே பொருந்துனா எதை விடைன்னு எடுக்குறது?"

"எனக்கு அந்தக் குழப்பமே இல்லீங்க, ஐடா. ஒருத்தர்தான் பொருந்துறாங்க. உங்களை எனக்கு அவ்ளோ புடிச்சிருக்குது. உங்க அப்பாகிட்ட வந்து கேக்கட்டா?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் விடுவாளா?

"நல்லா... பெருக்கிப் பாத்தீங்களா?"

அவன் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினான்.

"அந்த மூலை பாக்கி இருக்குது" என்றாள் ஐடா. "அதை முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை வாங்க... அப்பா வீட்லதான் இருப்பாரு."