மாமா அறையில் அடித்த வாடை

மழை பிடித்த மறுநாளே மாமாவின் அறையில் அந்த வாடை வந்துவிட்டது. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கவைக்கிற மூத்திர வாடை. நெல்லித்தோப்பில் மழைக்காலம் என்றால் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு நாற்றம் இருக்கத்தான் செய்யும். காயாத துணி, பொங்கிய சாக்கடை, எங்கோ செத்துக் கிடக்கிற எலி. இது அப்படி இல்லை, கதவைத் திறந்ததுமே ஆளைப் பின்னால் தள்ளியது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் பஞ்சநாதனைப் பார்த்த ரஞ்சிதத்துக்கு வேறு யோசனையே வரவில்லை. எண்பதை நெருங்குகிற மனுஷன், வேறு என்னவாக இருக்கும்?

வைத்திக்குப்பத்தில் படகு தள்ளி உரமேறிய உடம்பு அவருக்கு. இன்றைக்கும் இரண்டு வேளைக் குளியல், துவைத்த வேட்டி. நான் படுக்கையில் போகவில்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவில்லை. சின்னப் பிள்ளையை மிரட்டுவதுபோல மிரட்டினாள். மெத்தையைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டுக் கட்டிலில் ரப்பர் ஷீட்டை விரித்தாள். எதிர்வீட்டு சந்திரகலா வந்திருந்தபோது, அவர் காதுபடவே, பெரியவர்களுக்கான டயப்பர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்.

இன்று சாயங்காலம் அவர் குளியலறைக்குப் போன நேரம் பார்த்து விரிப்பை மாற்ற உள்ளே போனாள். வாடை நேற்றைவிடக் கடுமையாக இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விரிப்பை உருவினாள். காய்ந்திருந்தது. ரப்பர் ஷீட்டும் காய்ந்திருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு மணம் மட்டும்தான். கட்டிலுக்கடியில் தரையும் சுத்தம். நிமிர்ந்தபோதுதான் கண் எரிந்தது. வாடை மேலேயிருந்து வந்தது.

மேலே பரண். அதன் அடிப்பக்கம் முழுக்க மழை ஊறிக் கறுத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு வட்டம் வெளுத்துக் காய்ந்திருந்தது. வெளியே கொட்டுகிற மழையில் எது காயும்? ஸ்டூலில் ஏறி அந்த வட்டத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. பரணுக்குள் எதுவோ, உலை கொதிப்பதற்கு முன்னால் வருகிற சத்தம்போல, மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் முத்துவேல் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாணவேடிக்கை எடுத்து நடத்துகிறவன். மழை பிடித்த அன்றே ஊருக்கு வெளியே இருக்கிற கொட்டகையில் வெள்ளம் புகுந்ததும், வாணத்துக்குள் அடைக்கிற மருந்தைக் கலந்த நிலையிலேயே மூட்டையாகக் கொண்டுவந்து பரணில் ஏற்றினான். வீட்டில் வைக்கக்கூடாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்றான். நனைந்தால்தான் என்ன, நனைந்த பட்டாசு எங்கே வெடிக்கப்போகிறது என்று அவளும் இருந்துவிட்டாள்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். உருவிப் போட்டிருந்த விரிப்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவளுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. உங்கள் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்தபடி அவரைக் கடந்து சமையற்கட்டுக்குப் போய், கடலூர் போயிருந்த முத்துவேலைப் போனில் பிடித்தாள். பரண் சுடுகிறது என்றாள்.

அவன் கேட்டது ஒன்றுதான்.

"மூத்திர நாத்தம் அடிக்குதா?"

"மழை புடிச்சதுலேர்ந்து அடிக்குது. நான் மாமாதான்னு..."

"அதுல அலுமினியப் பொடியும் வெடியுப்பும் இருக்குது. ஈரம் பட்டா உள்ளுக்குள்ளயே வேவும், அப்பதான் அந்த நாத்தம் வரும். நெருப்பே வேணாம், தானா புடிச்சிக்கும். தண்ணி ஊத்தாத, மூட்டையத் தொடாத. அப்பாவ இட்டுக்கினு வெளிய போ, ரஞ்சிதம்."

திரும்பி ஓடினாள். பாதி வழியில் கரண்ட் போனது. வீடு முழுக்க இருட்டு, மழைச்சத்தம், அந்த வாடை. கையால் தடவித் தடவி வந்தாள். மாமாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள்.

அவர் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை.

"மாமா, கதவத் தொறங்க."

உள்ளே ஏதோ தேய்கிற சத்தம். ஈரத்துணி. தரையில் தேய்கிறது. நின்று, மறுபடி தேய்கிறது.

"கொஞ்சம் இரும்மா. தொடச்சிட்டுத் தொறக்கறேன்."

"அது நீங்க இல்ல மாமா. உங்க நாத்தமே இல்ல அது. நான்தான் தப்பாப் பேசிட்டேன். வெளிய வாங்க."

துணி நின்றது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"பரவால்லம்மா. வயசாயிடுச்சு. எனக்கே தெரியாம போயிருக்கும்."

நம்பிவிட்டார். அவள் நம்பவைத்துவிட்டாள். இருட்டில், சுத்தமான தரையில், இல்லாததைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ரஞ்சிதம் தோளால் கதவை இடித்தாள். பழைய காலத்துக் கதவு. அசையவில்லை. மருந்து என்று கத்தினாள். பரண் என்று கத்தினாள். கூரைத் தகரத்தில் மழை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி இடித்தாள். தோள் மரத்துப்போனது.

உள்ளே துணி தேய்ந்தது. நிதானமாக.

மேலே சீறல்.

சீறல் நின்றது.

கதவுக்கடியில் வெளிச்சம் வந்தது. வெள்ளை வெளிச்சம். அவள் பாதம் வரைக்கும் வந்தது. அதற்குள்ளே, துடைக்கிற கையின் நிழல் இப்படியும் அப்படியும் போனது. பிறகு நின்றது.

"கரண்ட் வந்துட்டுதாம்மா?" என்று மாமா கேட்டார்.