முத்துத்தாயின் தூக்க நோட்டு

"பிள்ளையைத் தொடாதீக அத்தை!"

அஸ்வினி போட்ட சத்தத்தில், தொட்டிலை நோக்கி நீண்ட முத்துத்தாயின் கை அப்படியே நின்றுவிட்டது. காலை ஏழு மணி தாண்டியிருந்தது. மருமகள் கையில் அந்த நாற்பது பக்க நோட்டு. ஐயோ… அரிசிப் பானைக்குப் பின்னால் அல்லவா ஒளித்து வைத்திருந்தாள்!

"என்ன இது? தெனமும் ஒரு மணி, மூணு மணின்னு எழுதி வச்சிருக்கீக? நான் பால் குடுக்க எந்திரிக்கிறேனா இல்லையான்னு உளவு பாக்குறீகளா? இருட்டுக்குள்ள ஒத்தையில உக்காந்திருக்கீகளேன்னு எம்புட்டுப் பயந்தேன்… இதுக்குத்தானா!"

ஜெயபாண்டி பல் துலக்கிக்கொண்டே வந்தான். "என்னம்மா இதெல்லாம்?"

உண்மையை முத்துத்தாய் எப்படிச் சொல்வாள்? மனசு டாக்டரிடம் பேசுகிறாள் என்பார்கள். பைத்தியம் என்பார்கள். பைத்தியத்தின் கையில் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

"நான் சோழவந்தானுக்கு எங்க அம்மா வீட்டுக்கே போறேன்." அஸ்வினி பையில் பிள்ளைத் துணிகளை அடைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. சனிக்கிழமை ஏழரை மணி. வாரா வாரம் வருகிற அழைப்பு. எப்போதும் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த்தான் பேசுவாள். இன்று எடுக்காவிட்டால் பேத்தி போய்விடுவாள். எடுத்தாலும் போய்விடலாம்… கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"முத்துத்தாயம்மா, ஆஸ்பத்திரியில இருந்து ஸ்யாமளா பேசுறேன். பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"இருக்காக மேடம். கேக்கட்டும்."

"சரிம்மா. பன்னெண்டுக்கு முன்னாடி படுக்கலையே? தூக்கம் வராதப்ப எந்திரிச்சு வெளிய வந்து உக்காந்தீங்களா? நோட்டைப் படிங்க."

நோட்டை வாங்கினாள். மணியை மட்டும் பார்த்த அஸ்வினி, எதிர்ப்பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை.

"புதன்கிழமை. ஒரு மணிக்கு முழிப்பு. காரணம்… அவுகளைப் புரட்டிப் படுக்க வைக்கணும். மூணு மணிக்கு முழிப்பு. காரணம்… அவுகளைப் புரட்டணும்."

அவள் புருஷன் பேயாண்டி பக்கவாதம் வந்து நாலு வருஷம் கிடந்தார். முதுகில் புண் வந்துவிடக் கூடாதென்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட்டவள் இவள்தான். காலையில் வேலைக்குப் போகிற பிள்ளை என்று மகனை ஒருநாளும் எழுப்பவில்லை. அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. இவள் உடம்புக்கு மட்டும் இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை!

"ஒரு நாளாச்சும் என்னைய எழுப்பியிருக்கலாம்லம்மா…" ஜெயபாண்டி உடைந்துபோய்த் தரையில் உட்கார்ந்தான்.

"நான் பைத்தியம் இல்லத்தா அஸ்வினி… தூக்கம்தான் கெட்டுப்போச்சு. பிள்ளையை மட்டும் பிரிச்சிராத!"

"பைத்தியமெல்லாம் இல்லம்மா," என்றது போன். "உடம்பு பழகின பழக்கம், மாத்திரலாம். பகல்ல மட்டும் படுத்துராதீங்க. நேரங்கழிச்சுப் படுத்தாத்தான் தூக்கம் அசந்து வரும்; ராத்திரி பன்னெண்டு வரைக்கும் முழிச்சிருக்க யாராவது பேச்சுத்துணைக்கு இருந்தா நல்லது."

அஸ்வினி பையை நழுவவிட்டாள். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி, அழுதுகொண்டே மாமியாரிடம் நீட்டினாள்.

"பொறுத்தா… ராத்திரியெல்லாம் முழிச்ச உடம்பு. உக்காந்துக்கிறேன்." சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகே மடியில் வாங்கினாள். மருமகள் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"துணைக்கு நான் இருக்கேன் அத்தை. உங்க மகனைப் பத்தி ஆரம்பிச்சேன்னா விடியவிடியப் பேசுவேன்."

முத்துத்தாய் கண்ணைத் துடைத்தாள்.

"பன்னெண்டுக்கு நிறுத்திருத்தா. மேடம் திட்டுவாக."