ஈஸ்வரபாண்டியின் ‘ம்’

அனுசுயா தன் தங்கை வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்தபோது, சரியான இடத்தில் ஒரு ‘ம்’ விழுந்தது. அவள் புருஷன் ஈஸ்வரபாண்டி அப்போது செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ம் கொட்டியது அவரில்லை. குரல் அவருடையதுதான்.

கோம்பையில் அவரைப்போல் ம் கொட்ட ஆள் கிடையாது. அவர் ம் கொட்டினால் சுருளி அருவிகூடப் பாதியில் நின்று, இரண்டு ஊர்ச் சேதி சொல்லிவிட்டுத்தான் கீழே விழும். காதில் ஒன்றும் ஏறாது என்பது வேறு விஷயம்.

அந்த வாரம்தான், திராட்சைத் தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போடுவதற்கு ஒரு செயலியைப் போனில் ஏற்றியிருந்தார். விதிமுறைகள் பொடி எழுத்து. அதனால் அதுவே வாசித்துக் காட்டியது. வெல்லப்பாகுப் பெண்குரல். மலையிலிருந்து இறங்கிய காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்க, சாரல் நனைத்த மண்ணும் மருந்தடித்த கொடியும் சேர்ந்து மணக்க, கட்டிலில் அரைத்தூக்கமாய்க் கிடந்தவர் அது நிறுத்திய இடமெல்லாம் ம் கொட்டினார்.

இப்போது ம் விழுந்தது அந்தப் போனிலிருந்துதான் என்று தெரிந்ததும், அதைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு, அவளிடம் சொல்லாமல், செயலியை ஏற்றிக்கொடுத்த கடைக்கார லிங்கேஸ்வரனிடம் ஓடினார். அவன் சிரித்தான்.

“அதுக்கு ம்முன்னா சம்மதம்ணே. மொதப் பிரிவே குரல்தான். கேட்டுத்தான குடுத்தீக?”

“திருப்பி வாங்க வழி?”

“வழியில்லன்னு வாசிச்சப்பவும் ம் கொட்டியிருக்கீகளே.”

திரும்பும் வழியெல்லாம் அவர் குரல் தேய்ந்தது. தெருமுனையில் பேச வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது.

பொழுது சாய்ந்திருந்தது. கரண்ட் இல்லை. காற்றுக்குப் பயந்து கதவுக்கு உள்தாழ்ப்பாள். சன்னல் வழியே பார்த்தார். அடுப்பு வெளிச்சத்தில் அனுசுயா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளறை இருட்டில், கட்டிலில் அவர் படுத்திருப்பதாக அவளுக்கு நினைப்பு. அங்கிருந்து ம், ம் என்று வந்தது.

“இன்னைக்குத்தான் எம் பேச்சு உங்க காதுல ஏறுது,” என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“ஒண்ணு வாசிக்கிறேன், கேளு.” அவர் குரல்.

கதவைத் தட்டினார். ஓங்கித் தட்டினார்.

“இந்தத் தகரம் வேற,” என்றாள்.

உள்ளே நிதானமாக வாசித்தது. அவள் மூச்சு இனி செயலி நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுத்தும் நேரத்தை நிறுவனமே முடிவு செய்யும்.

வாயைத் திறந்தார். காற்று.

அவள் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புருஷன் கேட்கும் லட்சணத்திலேயே கேட்டாள்.

“ம்.”

உரித்த கை அப்படியே நின்றது. பூண்டு உருண்டது. கண் மட்டும் திறந்திருந்தது.