கடுகளவு கருகியது

கொட்டுகிற மழையில் அவன் குடையைத் தனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். சொட்டச் சொட்ட நனைந்தபடி பெட்டியை மேஜைமேல் வைத்தபோது, பெட்டியில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை.

ரிப்பேர் கடையில் அப்பாவுக்குச் சமமாக வேலை பார்க்கிறவள் அவள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... அடேயப்பா, கண்ணாலேயே ஒரு மனுஷன் இப்படியா கெஞ்சுவான்?

"மேடம், பாதியில பாதியில அணைஞ்சு போகுது. குழந்தைங்க புத்தகத்துக்குப் படம் வரையறேன். என் முதல் புத்தகம். எல்லாப் படமும் இதுக்குள்ளதான் இருக்கு... நாளைக்குக் காலையில பதிப்பகத்துக்குக் குடுக்கணும்."

"வேற எங்கயும் காப்பி இல்லையா?"

"இல்லீங்க."

"நல்ல ஆளு சார் நீங்க..."

திறந்து பார்த்தாள். மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை ஓய்ந்துபோயிருந்தது. அவனுடைய மதர்போர்டுக்குப் பொருந்துகிற புதுசு கடையிலேயே இருந்தது. மதர்போர்டு ஒயர்கள் அதோடு சேர்ந்தே வந்தன. படங்கள் இருக்கிற ஹார்டு டிஸ்குக்குப் போகும் ஒயர் மட்டும் தனி. பழைய ஒயர் உள்ளே அழகாகக் கட்டிக் கிடந்தது. அதை எதற்குப் பிரிக்க வேண்டும்? அதையே புதுசில் செருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

பட்டனை அழுத்தினாள். ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. மறுபடியும் அதே துள்ளல்தான்.

"மதர்போர்டு போச்சு சார். வீட்டுல ஏதாவது கிண்டிப் பாத்தீங்களா?"

"எனக்கு மூடியைக்கூடக் கழட்டத் தெரியாதுங்க. கொண்டு வரும்போது பாதி நேரமாவது ஓடுச்சு..."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் கெடுத்துட்டேன்னு சொல்றீங்களா? நம்பிக்கை இல்லன்னா வேற கடைக்கு எடுத்துட்டுப் போங்க."

அவன் வாசல் ஓரம் போய் நின்று மழையைப் பார்த்தான். அந்த முதுகைப் பார்க்கவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. வாய்... இந்த வாய்தான் எனக்கு எதிரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போமே என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மதர்போர்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தாள். சமத்தாக ஓடியது. டிஸ்கை மாட்டினாள். பொட்டென்று நின்றது.

புதுசோடு அட்டைப்பெட்டியில் வந்த டிஸ்க் ஒயரை எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்தாள். முனை ஒரே மாதிரிதான், உள்ளே ஒயர்களின் வரிசை வேறு. ஒரு கம்பெனி ஒயரை இன்னொரு கம்பெனி பவர் சப்ளையில் போடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், அவளேதான் போட்டிருக்கிறாள்.

டிஸ்கைத் திருப்பினாள். கடுகளவு ஒரு பாகம் கருகியிருந்தது. தப்பான மின்சாரம் வந்தால் தான் கருகி டிஸ்கைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்திருக்கிற பாகம். காப்பாற்றியிருக்குமா? அது இல்லாமலும் டிஸ்க் ஓடும். கருகியதை எடுத்துவிட்டு, சரியான ஒயரை மாட்டி, பட்டனை அழுத்தினாள்.

டிஸ்க் மெல்லச் சுழன்றது... திரையில் ஒரு யானைக்குட்டி தன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, யாருக்கென்று தெரியாமலே மனதுக்குள் நன்றி சொன்னாள். முதல் வேலையாக எல்லாப் படங்களையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்தாள்.

பின்னாலிருந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கிட்டே வந்தார்.

"அதான் சரியாயிடுச்சே, விடு சின்னு. நம்ம தப்புன்னு வெளிய சொன்னா கடை பேரு என்னாகும்?"

"அவர் மேல பழியைப் போட்டுட்டேன்ப்பா."

"சொன்னா திட்டுவாரு."

"திட்டட்டும்ப்பா."

அவனை உள்ளே கூப்பிட்டு, இரண்டு ஒயர்களையும் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னாள். "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னுது. கொஞ்சம் விட்டிருந்தா உங்க படமெல்லாம் போயிருக்கும்... மன்னிச்சுடுங்க."

திட்டுக்காகத் தலை குனிந்து நின்றாள். திட்டு வரவில்லை. நிமிர்ந்தால், அவன் கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றான்.

மறுநாள் சாயங்காலம் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"படமெல்லாம் குடுத்தாச்சுங்க. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நன்றி சொல்லலாம்னு வந்தேன்."

"அதான் நேத்தே சொல்லிட்டீங்களே..."

"அது கம்ப்யூட்டருக்கு. இது... நீங்க உண்மையைச் சொன்னதுக்கு. சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்படி ஒருத்தர் கூடவே கடைசி வரைக்கும் இருக்கணும்னு ஆசையா இருக்கு... உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

பின்னால் அப்பா திருகாணி பொறுக்கும் சத்தம் நின்றுபோனது. அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது.

"அவசரப்பட்டு எதையும் சொல்லக் கூடாதுன்னு நேத்துதான் புத்தி வந்துச்சு" என்றாள். "அதனால நானும் ராத்திரி பூரா என் மனசைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன்... சந்தேகமே இல்ல. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."